பழைய சாம்ப்ளர் வாங்கப் போகிறீர்களா?

பழைய சாம்ப்ளர் என்றதும் பலரும் முதலில் தேடுவது எமு எஸ்பி-1200. எனக்கு அந்த அவசரத்தில் உடன்பாடில்லை. ஆனால் அதன் மோகம் எதனால் என்று தெரிந்துகொண்டால்தான் மற்றவற்றை எடைபோட முடியும்.

1987இல் வந்த அந்தப் பெட்டி 12 பிட்டில், 26 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஒலியைப் பிடிக்கும். மொத்தக் கொள்ளளவே 10 விநாடிதான். ஒரே துண்டாக இரண்டரை விநாடிக்கு மேல் எடுக்கவும் முடியாது. எனவே நியூயார்க் ஹிப்ஹாப்காரர்கள் 33 சுற்றில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்தார்கள். பிறகு இயந்திரத்துக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி இறக்கும்போது அது போடும் கணக்கு கரடுமுரடானது. டிரம் ஒலியில் ஒரு சொரசொரப்பும் உலோகக் கிணுகிணுப்பும் ஒட்டிக்கொண்டன. பஞ்சத்துக்குச் செய்த வேலை, பாணியாகிவிட்டது. பீட் ராக் போன்றவர்களின் டிரம்களில் நாம் ரசிப்பது இதைத்தான்.

குறை, விலை. வடிவமைத்த டேவ் ராஸமே 2021இல் மறுபடி தயாரித்தபோது 3,999 டாலர் வைத்தார். டிரம் தவிர நீளமாக எதையும் பதிய நினைப்பவருக்கு அந்தப் பணம் வீண்.

ரோஜர் லின் வடிவமைப்பில் அகாய் 1988இல் கொண்டுவந்த எம்பிசி60, விரல்களுக்கான கருவி. பதினாறு ரப்பர் பேட்கள். அதிலுள்ள ஸ்விங் ஒவ்வொரு அடிக்குள்ளும் வரும் நான்கு பதினாறாம் சுரங்களில் இரண்டாவதையும் நான்காவதையும் சற்றே தாமதப்படுத்தி, தாளத்தை நடக்கவைக்கும். இதுவும் 12 பிட்தான், ஆனால் 40 கிலோஹெர்ட்ஸ் என்பதால் எஸ்பி அளவுக்குக் கரகரக்காது. நினைவகம் 13 விநாடி, விரிவாக்கினால் 26. டிஜே ஷேடோ 1996இல் வெளியிட்ட ‘எண்ட்ரொடியூசிங்’ ஆல்பத்துக்கு இதுதான் அடித்தளம்.

1994இன் எம்பிசி3000க்கு அதே கை, புதிய காது: 16 பிட், ஸ்டீரியோ, 32 குரல்கள், ஃபில்டர். ஜே டில்லா பயன்படுத்தியது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அந்தப் புகழும் விலையில் சேர்ந்துகொண்டது. அழுக்கான ஒலி வேண்டி இதை வாங்குபவர் ஏமாறுவார். ஒரே ஒரு பெட்டியில் முழுப் பாட்டையும் கட்ட விரும்புபவருக்கு இதையே சொல்வேன்.

சிக்கனக்காரருக்கு அகாய் எஸ்950. ரேக்கில் பொருத்தும் 12 பிட் பெட்டி. பதியும் வேகத்தை நாமே 48 கிலோஹெர்ட்ஸ் வரை தேர்ந்தெடுக்கலாம். குறைத்தால் ஒலி மங்கும், நேரம் கூடும். அதன் ஃபில்டரை இறுக்கினால் பழைய தட்டிலிருந்து பேஸ் மட்டும் உருண்டு வரும். எஸ்பியில் டிரம், இதில் லூப் என்று இரண்டையும் இணைத்து வேலை செய்தவர்கள் பலர். ஆனால் இதில் பேடும் இல்லை, சீக்வென்சரும் இல்லை. கையில் மிடி கீபோர்டோ கணினியோ இல்லாவிட்டால் இது வெறும் இரும்புப் பெட்டி.

எதைத் தேர்ந்தாலும், விற்பவரிடம் ஃப்ளாப்பியில் ஒன்றைச் சேமித்து, அணைத்து, மறுபடி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிரைவ் செத்திருந்தால் பயமில்லை. யுஎஸ்பி மாற்று கிடைக்கிறது. எஸ்பியின் ஃபில்டர் சிப் போயிருந்தால்தான் தலைவலி. திரை மங்கியிருக்கிறதா, எல்லா பேடும் மெல்லத் தட்டினாலும் பேசுகிறதா, ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஒலி வருகிறதா என்று பார்த்த பிறகே பேரத்தைத் தொடங்குங்கள்.