நோன்பிலிருந்து பிறக்கும் விருந்து: கிரேக்க ஈஸ்டர் உணவுகள் குறித்து ஒரு மடல்

அன்புள்ள மாணவருக்கு,

ஈஸ்டருக்கு வீட்டில் சமைப்பதற்கென மாணவர் அனுப்பிய கிரேக்க உணவுப் பட்டியலில் முசாக்கா முதலிடம் பெற்றிருந்ததும், குடலும் ஈரலும் விருந்துக்கு ஏற்றவையா என்ற ஐயத்தால் மகிரிட்சா எனும் சூப் நீக்கப்பட்டிருந்ததும் இம்மடலுக்குக் காரணங்கள். கத்தரிக்காய்க்கும் கொத்திறைச்சிக்கும் மேல் பெஷமெல் எனும் பால்மாவுக் குழம்பு தடித்துக் கிடக்கும் இன்றைய முசாக்கா, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்கோலாஸ் செலமெந்தேஸ் என்ற சமையல் நூலாசிரியர் பிரெஞ்சு முறையைத் தழுவிப் பரப்பிய வடிவம். ஈஸ்டருக்கும் அதற்கும் தனித் தொடர்பு எதுவும் இல்லை. முசாக்காவும் கம்பியில் சுட்ட இறைச்சியுமே கிரேக்கச் சமையல் என்ற எண்ணம், எத்தனை பேர் திரும்பத் திரும்பச் சொன்னாலும் பிழையே.

கிரேக்க ஈஸ்டர் விருந்தை அதற்கு முந்திய நோன்பே வடிவமைக்கிறது. தூய திங்கள் எனப்படும் நாளில் தொடங்கி, ஈஸ்டருக்கு முந்திய நாளான பெரிய சனி வரை 48 நாள்கள் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கப்படுகின்றன. மார்ச் 25இல் வரும் மங்கள வார்த்தைத் திருநாளிலும் குருத்து ஞாயிறன்றும் மட்டுமே மீனுக்கு இடமுண்டு. இரத்தமற்றவை என்று கருதப்படுவதால் கணவாய்க்கும் இறாலுக்கும் தடையில்லை. இத்தனை நாள் கட்டுப்பாட்டுக்குள் சுவையைத் தேடியதாலேயே பயறுகளையும் கீரைகளையும் ஆலிவ் எண்ணெயில் பக்குவப்படுத்தும் கலை கிரேக்க வீடுகளில் ஆழ வேரூன்றியது. செலமெந்தேஸ் பிறந்த சிஃப்னோஸ் தீவிலேயே கொண்டைக்கடலையும் வெங்காயமும் எண்ணெயும் மட்பானையில் இரவு முழுவதும் அடுப்பில் வெந்து, ஞாயிறு நண்பகலுக்கு ரெவித்தாதா என்ற உணவாக வருகின்றன. பாலோ மாவோ சேர்க்காமலே கொண்டைக்கடலையின் மாச்சத்து அதற்கு வேண்டிய குழைவைத் தந்துவிடுகிறது.

மகிரிட்சா இந்த நோன்பை முடித்துவைக்கும் சூப். ஞாயிறன்று சுடுவதற்கான ஆட்டுக்குட்டி சனிக்கிழமைக்குள் அறுக்கப்படுகிறது. அதன் ஈரல், நுரையீரல், இதயம், குடல் ஆகியவை நெடுநேரம் கெடாமல் இரா. நள்ளிரவு உயிர்ப்பு வழிபாடு முடிந்து வீடு திரும்புவோரின் வயிறோ ஏழு வாரங்களாக இறைச்சியைக் கண்டதில்லை. இவ்விரண்டு நிலைமைகளுக்கும் ஒரே விடையாக அமைந்த உணவை மட்டமானது என்று ஒதுக்குவது, அந்த விருந்தின் வாயிற்கதவையே கழற்றி எறிவதற்கு ஒப்பாகும். நால்வருக்கு அரைக் கிலோ உள்ளுறுப்புகளை நன்கு கழுவி, கொதிநீரில் சிறிது நேரம் வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தாளுடன் எண்ணெயில் வதக்கி, ஒன்றரை லிட்டர் நீர் சேர்த்து மென்மையாகும்வரை வேகவைக்க வேண்டும். பின்னர் ஒரு கைப்பிடி அரிசியும், நறுக்கிய லெட்டூஸ் இலையும், சதகுப்பைக் கீரையும் சேர்த்து, அரிசி வெந்ததும் இறக்க வேண்டும். இறைச்சி உண்ணாதோர் உள்ளுறுப்புகளுக்கு மாற்றாகக் காளானைச் சேர்ப்பது கிரேக்கத்திலேயே வழக்கமாகிவிட்டது.

இதற்குப் பிறகு வருவதே சமைப்பவரின் திறனைச் சோதிக்கும் கட்டம். அவ்கோலெமோனோ எனும் முட்டை எலுமிச்சைக் கலவைக்கு இரண்டு முட்டைகளை நுரைக்க அடித்து, ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து, இறக்கிய சூப்பின் சூடான சாற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றியபடி இடைவிடாமல் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். கலவை வெதுவெதுப்பான பின்னரே அதைப் பானையில் சேர்க்கலாம். முட்டையின் புரதம் திடீர்ச் சூட்டில் இறுகிவிடும் என்பதால், கொதிக்கும் பானையில் நேரே ஊற்றினாலும், சேர்த்தபின் மீண்டும் கொதிக்கவிட்டாலும் சூப் திரிந்துவிடும். இதைச் சோளமாவு கரைத்துத் தடிப்பாக்கலாம் என்று சொல்லும் சமையல் குறிப்புகளை மாணவர் மூடிவைத்துவிடுவது நல்லது.

உணவின் சுவையை மூடி மறைக்கும் குழம்புகள்மீது கிரேக்கர் கொண்ட வெறுப்பு பழமையானதுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கெலா நகரில் வாழ்ந்த ஆர்க்கெஸ்ட்ராத்தோஸ், உணவைப் பற்றியே ஒரு கவிதை நூல் இயற்றியவர். அந்நூல் மறைந்துபோயினும், ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதெனாயோஸ் தம் பெருநூலில் எடுத்தாண்ட பகுதிகள் எஞ்சியுள்ளன. நல்ல மீனின்மேல் பாலாடைக்கட்டியைக் கொட்டிக் கெடுக்கும் சமையற்காரர்களை ஆர்க்கெஸ்ட்ராத்தோஸ் கடிந்துரைக்கும் இடங்களைப் படித்த எவரும், பெஷமெல்லைக் கிரேக்கத் தொன்மை என்று கருத மாட்டார்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். பெரிய வியாழனன்று முட்டைகள் வெங்காயத் தோலும் வினிகரும் சேர்த்துச் சிவப்பாக வேகவைக்கப்படுகின்றன. அன்றே ட்சுரேகி எனும் பின்னல் ரொட்டி, மலைச்செர்ரி வகையொன்றின் கொட்டைப் பருப்புப் பொடியும், கியோஸ் தீவின் மரப்பிசினான மஸ்திகாவும், பலர் வீட்டில் ஏலக்காயும் சேர்த்துச் சுடப்படுகிறது. முட்டையும் வெண்ணெயும் மிகுந்த அந்த மாவு மெதுவாகவே உப்பும் என்பதால் அவசரப்படலாகாது. ஞாயிறு இறைச்சிக்குக் கம்பியும் கனலும் கட்டாயம் என்பதும் தவறான எண்ணமே. கலிம்னோஸ் தீவில் அரிசி அடைத்த ஆட்டுக்குட்டி மூடிய மட்பாண்டத்தில் இரவெல்லாம் அடுப்பில் வேகிறது. ஆந்த்ரோஸ் தீவில் கீரையும் முட்டையும் பாலாடைக்கட்டியும் உள்ளே அடைக்கப்படுகின்றன.

ஆகவே பெரிய வெள்ளியன்று எண்ணெயின்றி வினிகர் மட்டும் விட்ட முழு மசூர்ப் பருப்பு சூப்பையும், சனி நள்ளிரவில் மகிரிட்சாவையும், ஞாயிறன்று எலுமிச்சையும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட இறைச்சியையும் இதே வரிசையில் சமைத்துப் பார்த்தல் வேண்டும். விழா முடிந்த பின்னரும் வாரத்தில் ஒரு நாளேனும் ரெவித்தாதாவைச் செய்துவருவாராயின், கிரேக்கச் சமையலின் பெரும்பகுதி மாணவருக்குக் கைவந்துவிடும். முசாக்கா அதற்குப் பிறகு வரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்