சீழ் வடியும் காதை அப்படியே விடாதீர்கள்

நம்ம லயங்களில் ஒரு பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால், "சளிதானே, வளர்ந்தா சரியாகிடும்" என்று பஞ்சை அடைத்துவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம். பல பிள்ளைகளுக்கு அது சரியாகியும் விடும். சரியாகாத பிள்ளைக்குத்தான் கஷ்டம். செவிப்பறை என்ற மெல்லிய தோலில் விழுந்த ஓட்டை மூடாமலே நின்றுவிட்டால் காது மந்தமாகும். பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு டீச்சர் சொல்வது சரியாக விளங்காது. விளங்காததை எப்படி எழுதும்? "மக்கு" என்று பெயர் வந்துவிடும். வீட்டிலும், கூப்பிட்டால் திரும்பவில்லை என்று அடி விழும்.

சளிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதின் உள்பக்கத்துக்கு ஒரு சிறு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாகச் சரிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கையாக இருப்பதால் சளியோடு கிருமியும் சுலபமாக ஏறிவிடும். உள்ளே சீழ் கட்டி, செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ராத்திரி முழுக்கக் கத்திய பிள்ளை, காது உடைந்ததும் அமைதியாகத் தூங்குவது இதனால்தான். வலி போனதால் வருத்தம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துப் போத்தல் பால் கொடுக்காதீங்க. தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்க. பிள்ளைக் காம்பராவிலும் இதைச் சொல்லி வையுங்க. காம்பராவுக்குள் பீடி, சுருட்டுப் புகையும் பிள்ளையின் காதுக்கு ஆகாது.

சீழ் வந்தால் முதல் வேலை காதைக் காய வைப்பது. துவைத்துக் காய்ந்த பருத்திச் சீலைத் துண்டைத் திரி மாதிரி முறுக்கிக் காதில் வையுங்க. நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வையுங்க. திரி காய்ந்தே வரும்வரை இப்படிச் செய்யணும், நாளைக்கு மூன்று தரமாவது. திரியையோ பஞ்சையோ உள்ளேயே அடைத்து வைக்கக் கூடாது. பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். பாட்டிமார் கோபிக்கக் கூடாது, ஓட்டை விழுந்த காதில் அதெல்லாம் உள்ளே இறங்கிவிடும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தும் வேண்டாம். பீலியில் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்க.

அதோடு அன்றைக்கே தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்க. 14 நாளாகியும் சீழ் நிற்காவிட்டால் அது நாட்பட்ட வருத்தம். துண்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குப் போகணும். நுவரெலியா, பதுளை, கண்டி ஆஸ்பத்திரிகளில் இந்தக் கிளினிக் உண்டு. மூடாத ஓட்டையை ஒப்பரேஷன் செய்து அடைக்கலாம். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, காய்ச்சலோடு வாந்தி எடுத்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு நாளும் தாமதிக்க முடியாது. சீழ் மூளைப் பக்கம் போகக்கூடும். பேர் போனாலும் போகட்டும்.

கொண்டை ஊசி, நெருப்புக்குச்சி, கோழி இறகு, இவற்றால் காது குடைவதையும் விடுங்க. குறும்பி தானாக வெளியே வரும். பூச்சி போய்விட்டால், சீழ் இல்லாத காதாக இருந்தால், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குப் போங்க. கடலை, பயறு போய்விட்டால் தண்ணீர் விடாதீங்க, ஊதிவிடும்.

பெரியவர்களின் காதுக்கு எதிரி சத்தம். பேக்டரியில் ரோலர் பக்கம் நிற்பவர்களும், புல் வெட்டும் மெஷின் பிடிப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கணும். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலுக்கு மேல் என்று எடுத்துக்கொள்ளலாம். 85 டெசிபலில் 8 மணித்தியாலம்தான் கணக்கு. 88 ஆனால் 4 மணித்தியாலம். வேலை முடிந்து வந்து காது "ங்ஙொய்" என்று இரைந்தால் அது எச்சரிக்கை. சீழ்க்காதுக்காவது ஒப்பரேஷன் உண்டு, சத்தத்தால் போன காதுக்கு அதுவும் இல்லை. பஞ்சு வைத்தால் சத்தம் நிற்காது. காது மூடி கேட்டு வாங்கி, மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்க.