சக்திச் சில்லும் நாம் எழுதும் நிரலும்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குவோமானால், சற்றுத் தொலைவில் சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கு உருவான 'சக்தி' நுண்செயலிகள் யாவும் ஒரே அளவு கணக்கறிந்தவை அல்ல. சிறு கருவிகளுக்கான 'இ' வகைக்கு முழு எண்களின் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். தசமப் புள்ளிக் கணக்கிற்குத் தனிச் சுற்று கிடையாது. 'சி' வகையில் அதையும் சேர்த்து அமைக்கலாம். 2018இல், சண்டிகரில் தயாரான சக்திச் சில்லில் லினக்ஸ் இயங்கியது.

ஆகவே, நம் நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரிடம், அது எந்தச் சில்லுக்கு என்பதை எழுத்துகளால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் பொது விதிப்படி 'எம்' என்றால் பெருக்கல், வகுத்தல். 'எஃப்' என்றால் தசமக் கணக்கு. 'எம்' இல்லாத எளிய சில்லானாலும் கம்பைலர் கலங்காது. 13ஐ 5ஆல் பெருக்க, 13ஐ இருமுறை இரட்டித்து 52 ஆக்கி, இன்னொரு 13 கூட்டி 65 என்று முடித்துவிடும். (நம் பாட்டிமாரின் மனக்கணக்கு இதுதானே!) நேரம் சற்றுக் கூடலாம், விடை பிழைபடாது.

மாறாக, இல்லாத 'எஃப்'ஐ உண்டென்று சொல்லிவிட்டாலோ, நிரல் ஒரு குறையுமின்றித் தயாராகிவிடும். 'இ' வகைச் சில்லில் ஓடும்போதுதான், அறியாத கட்டளை வந்த இடத்தில் தடுமாறி நிற்கும். அது நோயாளியின் நாடியை அளக்கும் கருவியாகவும் இருக்கலாம்.