ஆல்தோ வந்த பிறகு பட் எதற்கு?

பாப்பா,

ஐஈஎல்டிஎஸ் பயிற்சிக்காக நீ எழுதிய கட்டுரையை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். நன்றாக யோசித்திருக்கிறாய். ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு சேர்க்கும் இடத்தில்தான் இடறுகிறாய். எனக்கு உன் வயதில் யாரும் சொல்லித் தராததை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பத்தியிலேயே 'ஆல்தோ தி பஸ் வாஸ் லேட், பட் வி ரீச்ட் ஸ்கூல் ஆன் டைம்' என்று இருக்கிறது. ஆல்தோ வந்தால் பட் வரக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருப்பார், நீயும் தலையாட்டியிருப்பாய். இருந்தும் கை எழுதிவிடுகிறது. ஏன் என்று பார். 'பஸ் லேட்டாக வந்தாலும் நேரத்துக்குப் போய்விட்டோம்.' இதில் 'ஆலும்' எங்கே உட்கார்ந்திருக்கிறது? நட்ட நடுவில், வினைச்சொல்லின் வாலில். 'மழை பெய்ததால் லீவு விட்டார்கள்' என்பதிலும் 'ஆல்' நடுவில்தான். இங்கிலீஷில் ஆல்தோ, பிகாஸ் என்று தொடங்கினால் அந்த வேலை வாக்கியத்தின் தலையிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் நடுவில் ஏதோ விட்டுப்போன மாதிரி நம் காதுக்குப் படுகிறது. அந்தக் காலி இடத்தை ஒரு பட், ஒரு ஸோ போட்டு அடைக்கிறோம். அங்கே கமா ஒன்றே போதும். எழுதி முடித்ததும் ஆல்தோ, பிகாஸ் இரண்டையும் பென்சிலால் வட்டமிடு. அதே வாக்கியத்தின் நடுவில் பட், ஸோ நின்றால் அடித்துவிடு. ஒரு வாரம் செய்தால் கை பழகிவிடும்.

அடுத்தது ஹவெவர். அதற்கும் பட்டுக்கும் பொருள் ஒன்றுதானே என்று கமா போட்டுவிட்டு ஹவெவர் எழுதியிருக்கிறாய். பட் இரண்டு வாக்கியங்களை ஒட்டும். ஹவெவருக்கு அந்தப் பசை கிடையாது. முன்னால் ஃபுல் ஸ்டாப் அல்லது செமிகோலன், பின்னால் கமா. தேர்ஃபோர், மோரோவர் இரண்டுக்கும் இதே கணக்குதான். டிஸ்பைட் வந்தால் பின்னால் முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல்தான் வரும்: 'டிஸ்பைட் தி ரெயின்'. 'டிஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று இல்லவே இல்லை. ஆஃப் வருவது 'இன் ஸ்பைட்'டுக்குப் பின்னால்.

இரண்டாவது பத்தியில் ஃபர்தர்மோர், மோரோவர், இன் அடிஷன் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. நிறையப் போட்டால் மார்க் கூடும் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதை நம்பாதே. ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் இரண்டாவது டாஸ்க்கில் 40 நிமிடத்தில் 250 வார்த்தையாவது எழுதச் சொல்கிறார்கள். மார்க் போடும் நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு. அதில் ஒன்று, கருத்துகள் எப்படிக் கோத்து வருகின்றன என்பது. இணைப்புச் சொற்களை இயந்திரம் போல அடுக்கினால் அங்கேதான் குறையும். ஆன் தி அதர் ஹேண்ட் எழுதுமுன் 'மறுபக்கம் பார்த்தால்' என்று தமிழில் சொல்லிப் பார். எதிர்க்கருத்து வந்தால் மட்டும் வைத்துக்கொள். 'இன்னொரு விஷயம்' என்ற பொருளில் எழுதாதே.

அந்தச் சொற்களெல்லாம் இல்லாமலே கோக்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது. கிராமத்துக்கு பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாய். அடுத்ததை மோரோவரில் தொடங்காமல் 'திஸ் டிலே' என்று தொடங்கு. முந்தின வாக்கியத்தின் சாரம் ஒரே பெயர்ச்சொல்லாகி, அடுத்த வாக்கியத்தின் எழுவாயாகிவிடுகிறது. திஸ் ப்ராப்ளம், திஸ் சேஞ்ச், திஸ் ஹாபிட் என்று உன் கட்டுரைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள். வெறும் திஸ் மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறாய் என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும்.

கிராமரில் மூன்று இடம் மட்டும் சொல்கிறேன். 'ஐந்து வருஷமாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வருகிறது. 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுது. கால அளவு சொன்னால் ஃபார். 2021 என்று தொடங்கிய ஆண்டைச் சொன்னால் சின்ஸ். டிஸ்கஸ் அபவுட் வேண்டாம், 'அதைப் பற்றி'யில் உள்ள 'பற்றி' டிஸ்கஸுக்குள்ளேயே இருக்கிறது. 'எ', 'ஆன்' போடும்போது எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லு: ஆன் அவர், எ யூனிவர்சிட்டி.

அப்பாவின் பழைய ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் புத்தகம் அலமாரியில் இருக்கட்டும், விதி மறந்தால் புரட்டலாம். தினமும் உட்கார ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' வாங்கு, நீல அட்டை. 1985இலிருந்து வரும் புத்தகம். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி; ஒரு நாளைக்கு ஒன்று போதும். விடையைப் பேனாவால் புத்தகத்தில் எழுதிவிடாதே, நோட்டில் எழுது. ஒரு மாதம் கழித்து அதே பயிற்சியை மறுபடி போடலாம்.

காலையில் இங்கிலீஷ் பேப்பரின் தலையங்கத்தில் ஒரு பத்தியை எடுத்து, இணைப்புச் சொற்கள் இருக்கும் இடத்தில் கோடு போட்டு நோட்டில் எழுதி வை. சாயங்காலம் பேப்பரைப் பார்க்காமல் நிரப்பு. ஒத்துப் பார்க்கும்போது அவர்கள் எத்தனை இடத்தில் ஒன்றுமே போடாமல் விட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனி.

முழுக் கட்டுரையையும் திருத்த வேண்டாம். இரண்டாவது பத்தியை மட்டும் மோரோவர் இல்லாமல் எழுதி, கையெழுத்திலேயே போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. சிவப்புப் பேனா எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா