கலப்பையும் கைப்பையும்

நுழையும்முன்

நெடுந்தொலைவு வானூர்தியில் செல்வோர் தம் உடைமைகளை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பெரிய பெட்டி ஊர்தியின் அடிப்பகுதிக்குப் போய்விடும். சிறிய பை கையோடு வரும். எதனை எதில் வைப்பது? முதன்முறை பறக்கும் குடும்பங்களில் இரவெல்லாம் விவாதிக்கப்படும் இவ்வினாவைச் சங்க இலக்கியம் ஒன்றின் துணையோடு அணுகுகிறது இப்பாடம்.

கூத்தர் சுமந்தவை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதில் பிறக்கும் சேயாறு செங்கம் வழியாகப் பாய்கிறது. அந்தச் செங்கமே சங்ககாலத்துச் செங்கண்மா. அதனை ஆண்ட நன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் ஒன்றான இந்நூல் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கூத்தனுக்கு நன்னன் ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்வதாக இது அமைந்துள்ளது.

நூலின் தொடக்கத்திலேயே கூத்தர் சுமந்து செல்லும் பொருள்கள் பட்டியலாக வருகின்றன. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், எல்லரி, பதலை என அனைத்தும் இசைக்கருவிகள். இவற்றை இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு கட்டிச் சுமக்கின்றனர். அந்த மூட்டைகள் பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப் போலத் தோன்றுகின்றன. இம்மூட்டைக்குப் புலவர் தரும் பெயர் கலப்பை. உழுகருவியான கலப்பையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. கலம் என்பது இங்கு இசைக்கருவி. கலத்தை இட்டு வைக்கும் பை கலப்பை.

பட்டியலில் இல்லாததையும் நோக்க வேண்டும். நெடுவழி செல்லும் அவர்கள் மூட்டையில் உணவு இல்லை. கட்டுச்சோறு, பொதிசோறு, ஆற்றுணா என வழியுணவுக்குத் தமிழில் சொற்கள் பல இருந்தும் கூத்தர் அதனைச் சுமக்கவில்லை. மலைச்சிற்றூர்களில் தினைச்சோறு கிடைக்கும், தயங்காமல் சென்று உண்ணுங்கள் என்று வழிகூறுபவன் சொல்கிறான். வழியில் கிடைப்பதைச் சுமக்க வேண்டியதில்லை. முழவோ வழியில் கிடைக்காது. அது தொலைந்தால் நன்னன் அவையில் கூத்தர்க்கு வேலையே இல்லை. விமான நிலையத்தில் எடைப்பொறியின் முன் நிற்பவருக்கும் இதைவிடத் தெளிவான அளவுகோல் ஒன்றைக் காட்ட இயலாது.

மலையிலிருந்து ஒரு மாணவி

ஜமுனாமரத்தூரிலிருந்து அயல்நாட்டுக்கு மேற்படிப்புக்காகச் செல்லும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். இது வெறுங்கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. பழங்குடி மாணவர்கள் அயல்நாட்டில் உயர்கல்வி பெற இந்திய அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் உதவித்தொகை வழங்கி வருகிறது. மாணவி முதலில் மலைச்சாலையில் பேருந்தில் இறங்கிச் சென்னையையோ பெங்களூருவையோ அடைய வேண்டும். அதன்பின் வான்வழி. 2021 ஜனவரியில் பெண் விமானிகளே இயக்கிய ஏர் இந்தியா விமானம் ஒன்று, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவ வழியாகப் பெங்களூருவை வந்தடைய ஏறத்தாழ 17 மணி நேரம் ஆயிற்று. இடையில் இறங்கி வேறு விமானம் மாறினால் ஒரு முழுநாளும் கழிந்துவிடும்.

அவ்வாறு மாறும் இடத்தில்தான் பெரிய பெட்டி பயணியைப் பிரிந்துபோவதுண்டு. அடுத்த விமானத்தில் அது ஏற்றப்படாமல் போகலாம். வேறு நாட்டுக்கே போய்ச் சேரலாம். பெரும்பாலான பெட்டிகள் சில நாள்களில் திரும்பிவிடுகின்றன. எனினும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை, வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கழிந்தும் வராத பெட்டிக்காக நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம் என்கிறது. மூன்று வாரம் பெட்டி இல்லாமல் வாழ நேர்ந்தால் எது இல்லாமல் முடங்கிப்போவோம் என்று மாணவி தன்னையே கேட்டுப் பார்க்கட்டும். ஆடையா? அதனை அங்கே வாங்கலாம். மூலச் சான்றிதழ்கள்?

சான்றிதழ்களுள்ளும் வேறுபாடு உண்டு. இணையவழி மின்னணு ஒப்பத்துடன் வழங்கப்பட்ட சாதிச் சான்றிதழை மீண்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் தொலைந்தாலோ, காவல்நிலையச் சான்று முதலிய பல படிகளைக் கடந்தே மறுபடி பெற முடியும். அதுவும் கடல்கடந்த ஊரில் இருந்துகொண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவருக்கு அத்தாள்களே முழவும் ஆகுளியும். கடவுச்சீட்டு, நுழைவு இசைவு, சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றோடு அவையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளும் அவ்வாறே. இன்சுலின் உறைந்துபோனால் பயன் இழக்கும். ஆதலால் குளிர் மிகக்கூடிய அடிப்பகுதிக்கு அதனை அனுப்புதல் தகாது. மருந்தின் வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டு உடனிருத்தல் நலம்.

இனி எடை. இந்தியாவிலிருந்து செல்லும் நிறுவனங்கள் பலவும் கைப்பைக்கு 7 கிலோ என வரம்பிட்டுள்ளன. பையின் எடையே இரண்டு கிலோவை நெருங்கும். மடிக்கணினியும் அதன் மின்னேற்றியும் இன்னும் இரண்டு. எஞ்சுவது மூன்று கிலோ. நூல்களை அள்ளி அடுக்குவோர் இக்கணக்கில்தான் தோற்கின்றனர்.

தீயும் காற்றும்

சில பொருள்களை எங்கு வைப்பது என்பதைப் பயணி முடிவு செய்ய இயலாது. பவர் பேங்க், தனி லித்தியம் மின்கலம் ஆகியவற்றைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். ஆபத்தான பொருளை ஆள்கள் அமரும் இடத்திலா வைப்பது என்று மாணவர் வினவலாம். லித்தியம் மின்கலத்தினுள் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் வெப்பம் வெப்பத்தை வளர்த்துத் தீப்பற்றும். பயணியர் பகுதியில் புகை எழுந்தால் பணியாளர் உடனே கண்டு, நீரூற்றிக் குளிர்வித்து அடக்குவர். பறக்கும்போது அடிப்பகுதிக்குள் எவரும் இறங்கிச் செல்ல முடியாது. கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடமே இங்குப் பாதுகாப்பான இடம்.

இதற்கான வரம்பு 100 வாட்-மணி. பவர் பேங்கின்மேல் மில்லியாம்பியர்-மணி என்றே பெரும்பாலும் அச்சிட்டிருப்பதால் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். 20,000 மில்லியாம்பியர்-மணி என்பது 20 ஆம்பியர்-மணி, அதனை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. அது வரம்புக்கு உட்பட்டதே. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் இசைவு வேண்டும். அதற்கு மேற்பட்டது விமானத்தில் ஏறாது. சமையலறைக் கொப்பரையும் இத்தகைய ஐயத்துக்கு உரியதே. எண்ணெய்ப்பசை மிக்க அது தானே வெப்பமேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வகையில் வைக்கப்பட்டுள்ளது. ஊருக்குப் போகும் பிள்ளைக்குக் கொப்பரை கொடுத்தனுப்பும் வீடுகள் இதனை அறிந்திருப்பது நல்லது.

உடம்புக்கு வேண்டுவது என்ன? ஜவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம், கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. விமானம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் செயற்கையாகக் காக்கப்படுகிறது. ஆயினும் தரைமட்டத்தின் அளவுக்கு அன்று. ஏறத்தாழ 1800 முதல் 2400 மீட்டர் வரையிலான உயரத்தில் இருக்கும் அழுத்தமே அங்கு நிலவும். உதகமண்டலத்தின் உயரம் 2240 மீட்டர். ஆகவே காவலூரைக் காட்டிலும் மிக உயர்ந்த ஒரு மலையூரில் பதினைந்து மணி நேரம் அசையாது அமர்ந்திருப்பதற்கு ஒப்பானது அப்பயணம். உதகையில் ஈரக்காற்று உண்டு. இங்கு ஈரப்பதம் இருபது விழுக்காட்டுக்கும் குறைவு. உதடு வெடிக்கும், கண் உறுத்தும், கால் வீங்கும். ஒரு கம்பளி மேலாடை, தளர்வான காலுறை, ஒரு மாற்றுடை, வெறும் தண்ணீர்க் குப்பி ஆகியவை போதும். குப்பியைச் சோதனை கடந்தபின் நிரப்பிக்கொள்ளலாம். இருக்கையைவிட்டு அவ்வப்போது எழுந்து நடப்பது கால் நரம்புகளில் குருதி உறைவதைத் தடுக்க உதவும். அதற்குப் பையில் இடமே வேண்டாம்.

தேன்குப்பி

ஜவ்வாது மலையிலிருந்து புறப்படும் எவருடைய மூட்டையிலும் சாமையும் தேனும் இடம் கேட்கும். வறுத்த சாமை மாவில் பிடித்த உருண்டை திடப்பொருள், சோதனையில் தடையின்றிச் செல்லும், பசிக்கும் உதவும். கூத்தருக்குத் தினைச்சோறு தந்த சிற்றூர்கள் வான்வழியில் இல்லை. விமானத்தில் உணவு தருவர் எனினும், நள்ளிரவில் விமானம் மாறக் காத்திருக்கும்போது நான்கு உருண்டைகளின் அருமை தெரியும்.

தேனின் நிலை வேறு. 2006 ஆகஸ்டில், பருகுபானக் குப்பிகளில் திரவ வெடிபொருளை மறைத்து விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்றை இலண்டன் காவல்துறை முறியடித்தது. அதன் விளைவாகவே பன்னாட்டுப் பயணங்களில் கைப்பையில் திரவம் கொண்டுசெல்ல வரம்பு வந்தது. ஒவ்வொரு கலமும் 100 மில்லிலிட்டருக்கு மிகாமல், அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். தேன் கெட்டியாக இருப்பினும் திரவமாகவே கொள்ளப்படும். அரைக்குப்பி தேன்தான் உள்ளது என வாதிட்டுப் பயனில்லை. கலத்தின் கொள்ளளவே கணக்கு. புதிய ஊடுகதிர்க் கருவிகள் அமைந்த சில நிலையங்கள் இவ்விதியைத் தளர்த்தியுள்ளன. ஆயினும் விமானம் மாறும் ஊரில் பழைய விதியே இருக்கலாம்.

தேன் நீரைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எடையுள்ளது. அரை லிட்டர்த் தேன் 700 கிராம். கைப்பையின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. பெரிய பெட்டியில் வைக்கலாமே எனில், சேருமிடத்துச் சட்டத்தை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தேனீ நோய்கள் பரவிவிடும் என்னும் அச்சத்தால் நியூசிலாந்து பயணிகளின் தேனை உள்ளே விடுவதில்லை. விதையும் தானியமும்கூடப் பல நாடுகளில் சோதனைக்கு உரியவை. மறைக்காமல் எழுதிக்காட்டினால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் தண்டமும் சேரும்.

மாணவி செல்லும் நாடு தேனைத் தடுக்கவில்லை என்றால், 100 மில்லிலிட்டர்க் குப்பி ஒன்றை அந்த ஒளிபுகும் பையில் வைத்துக்கொள்ளலாம். அது 140 கிராம்தான். சான்றிதழ் உறையின் பக்கத்தில் இடம் இருக்கும். மீதித் தேன் அடுத்த விடுமுறை வரை ஜமுனாமரத்தூர் வீட்டிலேயே இருக்கட்டும்; தேன் கெட்டுப்போவதில்லை.