மேசையில் ஒரு துளை

ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. இடம் இங்கிலாந்து நாட்டின் லண்டன் நகரம்.

அங்கே ரொட்டிதான் மக்களின் முக்கிய உணவு. ஆனால் பல வீடுகளில் ரொட்டி சுடும் அடுப்பு இல்லை. அதனால் வீட்டில் மாவு பிசைவார்கள். ரொட்டிக்காரரிடம் கொண்டு போவார்கள். அவர் தம் அடுப்பில் சுட்டுக் கொடுப்பார்.

ஜான் பிரிட் என்பவர் ஒரு ரொட்டிக்காரர். அக்கம்பக்கத்தார் கொண்டு வரும் மாவைத் தம் மேசைமேல் வைப்பார். அந்த மேசையில் ஒரு துளை இருந்தது. துளைக்கு ஒரு மூடியும் இருந்தது. மேசைக்குக் கீழே அவருடைய வீட்டு ஆள் ஒளிந்திருப்பார். மூடியை மெல்லத் திறப்பார். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுப்பார்.

1327-ஆம் ஆண்டு இந்தத் திருட்டு வெளிப்பட்டது. வேறு சில ரொட்டிக்காரர்களும் பிடிபட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். நகர அதிகாரிகள் விசாரித்தார்கள். மேசைக்கு அடியில் மாவு கிடைத்ததா? அந்த ஆண்களுக்குக் கடும் தண்டனை. கழுத்தில் மாவைத் தொங்கவிட்டு, ஊரார் பார்க்க மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தினார்கள்.

இது நமக்கு எப்படித் தெரியும்?

லண்டன் நகர அதிகாரிகள் பதிவுப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். பதப்படுத்திய தோல் ஏடுகளில் எழுதினார்கள். இந்த வழக்கும் அதில் உள்ளது. ஹென்றி தாமஸ் ரைலி என்ற அறிஞர் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1868-இல் அது அச்சில் வந்தது.

ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட ஏடுகளைத் தேடிப் படிக்கிறார்கள். மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சமைத்தார்கள், யார் தொழில் செய்தார்கள் என்று அறிகிறார்கள். ஒரு வழக்கை மட்டும் வைத்து, எல்லா ரொட்டிக்காரரும் திருடர் என்று முடிவு செய்வதில்லை. மற்றப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அக்காலத்தில் பெரும்பாலான மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாவைப் பறிகொடுத்தவர்கள் வாயால்தான் முறையிட்டிருப்பார்கள். அதை ஒருவர் எழுதி வைத்தார். பேச்சு அன்றே மறைந்துவிட்டது. எழுத்து இன்றும் இருக்கிறது.

பேசிப் பாருங்கள்

1. மக்கள் ஏன் ரொட்டிக்காரரிடம் மாவைக் கொண்டு போனார்கள்?
2. ஒரே ஒரு வழக்கை வைத்து முடிவு செய்வது ஏன் சரியல்ல?
3. உங்கள் ஊர் வாழ்க்கையைப் பற்றி எதை எழுதி வைக்க விரும்புகிறீர்கள்? ஐந்து வரிகள் எழுதுங்கள்.