கிடைத்த இடத்தில் ஒரு நல்ல படம்

வெளிப்புறத்தில் ஒருவரைப் படம் எடுப்பது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். படப்பிடிப்புக் கூடத்தில் விளக்கும் திரையும் நம் விருப்பப்படி அமையும். வெளியிலோ வெயிலும் மழையும் நம் சொல்லைக் கேட்பதில்லை. ஆகவே, திட்டமிட்டது நடவாதபோது அங்கே இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் திறன் புகைப்படம் எடுப்பவருக்கு மிகவும் தேவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பினாங்கு ஜார்ஜ்டவுனில், 1833ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மகா மாரியம்மன் கோவிலுக்கு ஒரு குடும்பம் செல்கிறது. அன்று பாட்டிக்கு 70ஆவது பிறந்தநாள். கோபுரம் பின்னணியில் தெரியும்படி அவரைப் படம் எடுக்கப் பேத்தி எண்ணியிருக்கிறாள். ஆனால், அவர்கள் வெளியே வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் சூரியன் உச்சிக்கு வருவது அந்நேரத்தில்தான்.

உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்களை மறைக்கும். மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். கண் கூசுவதால் நெற்றியும் சுருங்கும். பாட்டியின் மகிழ்ச்சி படத்தில் தெரியாது, களைப்புதான் தெரியும். இந்நிலையில் பேத்தி என்ன செய்யலாம்?

முதலில் அவள் நிழலைத் தேட வேண்டும். அப்பகுதியின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் 'ஐந்தடி' எனப்படும் கூரையுள்ள நடைபாதை உண்டு. அதன் விளிம்பை ஒட்டி, நிழலுக்குள்ளேயே, பாட்டியைத் தெருவை நோக்கி அமரச் செய்யலாம். தெருவிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளி அவர் முகத்தில் மென்மையாகப் பரவும். கண்களிலும் சிறு ஒளிப்புள்ளி தோன்றும்.

முகத்தின் ஒரு பக்கம் இருண்டிருந்தால், வெள்ளை அட்டையையோ வெள்ளைத் துண்டையோ அப்பக்கத்தில் பிடிக்கச் சொல்லலாம். வண்ணத் துணி கூடாது. அதன் நிறம் முகத்திலும் படியும். திறன்பேசியின் திரையில் முகத்தைத் தொட்டால், முகத்திற்கு ஏற்ற வெளிச்சம் அமையும்.

கோபுரம் கிடைக்காவிட்டால் என்ன? பக்கத்துப் பூக்கடையில் தொங்கும் மாலைகள் நல்ல பின்னணியாகலாம். கடைக்காரரிடம் அனுமதி கேட்பதும், நடப்பவர்களுக்கு வழிவிடுவதும் முறையாகும். மேகம் சூழ்ந்தால் வருந்த வேண்டியதில்லை. மேகம் வெயிலை வடிகட்டி, நிழல்களை மென்மையாக்கும். இடி இடித்தால் மட்டும் படத்தை மறந்து பாதுகாப்பான இடத்திற்குச் சென்றுவிட வேண்டும்.

இவை அனைத்திலும் முதன்மையானவர் பாட்டிதான். இடத்தையும் ஒளியையும் தம்பியை நிறுத்திச் சரிபார்த்த பிறகே அவரை அழைக்க வேண்டும். "சற்றுச் சிரியுங்கள்" என்று வற்புறுத்துவதைவிட, அவருடைய இளமைக்கால நினைவுகளைக் கேட்கலாம். பேசும்போது முகம் தானாக மலரும். அவர் களைத்துவிட்டால் இரண்டு படங்களுடன் நிறுத்திக்கொள்வதே அன்பு.

எதற்காகப் படம் எடுக்கிறோம் என்பதில் தெளிவிருந்தால், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் விளங்கும். கோபுரத்தை இன்னொரு நாள் எடுக்கலாம். பாட்டியின் 70ஆவது பிறந்தநாள் ஒருமுறைதான் வரும்.

சிந்தித்து விடையளி
1. உச்சி வெயிலில் எடுக்கும் படத்தில் முகம் ஏன் களைப்பாகத் தெரிகிறது?
2. வெள்ளைத் துண்டுக்குப் பதிலாகப் பச்சைத் துணியைப் பிடித்தால் என்ன நேரும்?
3. உன் வீட்டுப் பெரியவர் ஒருவரை எங்கே, எப்படிப் படம் எடுப்பாய்? காரணங்களுடன் எழுதுக.